என்னைக் கேட்காமல் நேர்ந்துகொண்ட முடி

என்னைப் பெண் பார்க்க வந்தது சுனாமிக்கு முந்தைய வருடம், தை மாதம், பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு. என் மாமியாராக வரப்போகிறவர் காபி டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். திரும்பினேன். பின்னலின் நுனியைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். கழுத்து பின்னால் போய் வந்தது.

"சவுரி கிவுரி இல்லியே?"

"இன்னாக்கா இது, எம் பொண்ணு முடி கடையில வாங்கனதா?" என்று கேட்ட என் அம்மாவுக்கு முகம் சுருங்கியது.

"கோச்சுக்காதம்மா. மீனு வாங்கறப்ப செவுளத் தூக்கிப் பாக்கறதில்லியா? அது மாதிரிதான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாகத்தான் நினைவு.

இரண்டு வீடும் கடலோரக் குப்பத்து வீடுகள். நாங்கள் ஊருக்குத் தெற்கே, அவர்கள் வடக்கே. மாமியார் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவர். கல்யாணத்துக்குப் பிறகு என்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "எம் மருமவ முடிய அவுத்துவுட்டா இடுப்புக்குக் கீழ போவும்" என்றுதான் ஆரம்பிப்பார். டீச்சர் என்பது அதற்குப் பிறகு வரும், சில நாள் வராமலும் போகும். நான் வரலாறு முதுகலை படித்தவள். தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். ஊரின் பழைய தெருக்கள், கட்டடங்கள் பற்றி ஒரு சிறு பத்திரிகையில் அவ்வப்போது எழுதுகிறேன். இவை எதுவும் அந்த வீட்டில் எனக்கு மரியாதை வாங்கித் தரவில்லை. முடிதான் வாங்கித் தந்தது. கல்யாணமாகி இருபது வருடம் கழித்து அது கொட்டத் தொடங்கியபோது வீட்டில் என் இடமும் ஆட்டம் கண்டது.

தேதி விஷயத்தில் நான் கறாரானவள். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குப் பிறகுதான் கொட்ட ஆரம்பித்தது என்று என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார். தவறு. அதற்கு முன்பே, நவம்பர் முதல் தேதி, புதுச்சேரி விடுதலை நாள் விடுமுறையில் தலைக்குக் குளித்தேன். தண்ணீர் போகாமல் காலைச் சுற்றித் தேங்கி நின்றது. குனிந்து ஓட்டையை அடைத்திருந்ததை எடுத்தேன். கை நிறைய வந்தது. முதலில் துணி என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு தலையணையில், சீப்பில், சாம்பாரில், மாணவர்களின் விடைத்தாள்களுக்கு நடுவில் என்று எங்கும் முடி. வகிடு அகலமாகிக்கொண்டே வந்தது. மேலே மின்விளக்கு எரிந்தால் தலைத்தோல் பளபளத்தது.

முதல் மருத்துவம் என் கணவருடையது. அவர் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். எதற்கும் ஒரு குழாய், ஒரு வால்வு, ஒரு வடிகட்டி இருக்கிறது என்று நம்புகிறவர்.

"போர் தண்ணிதான். மூலக்குளத்துல வூடு கட்டனப்பவே சொன்னேன், இங்க தண்ணி உப்புன்னு."

"அதே தண்ணியிலதான நீங்களும் குளிக்கிறீங்க. உங்களுக்குக் கொட்டலியே?"

"எனக்கு எங்க இருக்குது கொட்டறதுக்கு?" என்று தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். சிரிப்பு வந்தது. அந்த வாரமே குளியலறையில் வடிகட்டி மாட்டினார். கடின நீர் முடியை வறட்டும், நடுவில் ஒடிக்கும். வேரோடு விழ வைக்காது என்பதை நான் பின்னால்தான் படித்தேன். என் முடி வேரோடு விழுந்தது. ஒவ்வொன்றின் முனையிலும் வெள்ளையாக ஒரு குண்டூசித் தலை இருந்தது. அதை அவரிடம் காட்டியும் இருக்கிறேன். "அழுக்கா இருக்கும்" என்றார்.

இரண்டாவது மருத்துவம் எதிர்வீட்டம்மாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அந்தம்மா ஒரு சொல்தாவின் மனைவி. மகன் பாரீசிலிருந்து அனுப்பிய ஷாம்பூ ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். "இத போடு டீச்சர். ஒரு மாசங்கழிச்சு நீயே வந்து மெர்சி சொல்லுவ." அவர் வீட்டில் நன்றிக்கு மெர்சிதான். வாசனை நன்றாக இருந்தது. கொட்டிய முடியும் வாசனையாகக் கொட்டியது.

அழகு நிலையத்தில் ஒரு பெண் பேனா மாதிரி ஒரு கேமராவைத் தலையில் வைத்து, திரையில் என் மண்டையைப் பெரிதாகக் காட்டினாள். காய்ந்த ஏரி மாதிரி இருந்தது. "ரூட் எல்லாம் வீக்கா இருக்குது மேடம்" என்று சொல்லித் தலைக்கு ஆவி காட்டி அனுப்பினாள்.

மாமியாருடைய மருத்துவம் சின்ன வெங்காயம். அரைத்துப் பிழிந்த சாற்றைத் தன் கையாலேயே தேய்ப்பார். மீன் கூடை தூக்கிய கை, மண்டை வலிக்கும். காலையில் எவ்வளவு அலசினாலும் வாடை போகாது. ஏழாம் வகுப்பில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "மிஸ் வந்தா ஊத்தப்பம் வாசன வருதுல்ல?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

அந்த மாதங்களில் எனக்கு வேறு சிலவும் நடந்துகொண்டிருந்தன. இரண்டாம் மாடி வகுப்புக்குப் போக, முதல் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் ஏற முடிந்தது. இதயம் காதுக்குள் அடிப்பது கேட்கும். மாதவிலக்கு வந்தால் நிற்க நெடுநாள் ஆனது. கட்டி கட்டியாகப் போனது. அரிசி களையும்போது ஒரு கை அள்ளி வாயில் போட்டு மெல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கடைசிச் சங்கதி மட்டும் மாமியார் கண்ணில் பட்டது.

"பச்சரிசி துன்னா கல்யாணத்துல மழ வரும்பாங்க. ஒனக்குத்தான் கல்யாணம் முடிஞ்சுபோச்சே, யாரு கல்யாணத்தடி கெடுக்கப் போற?"

அரிசி மெல்லும் ஆசைக்கும் வகிடு அகலமாவதற்கும் காரணம் ஒன்றே என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. தலையைப் பார்க்க ஆள் ஆளுக்கு வந்தார்கள். தலைக்குக் கீழே யாரும் பார்க்கவில்லை.

தை இரண்டாம் வெள்ளி, வெங்காயத்தால் ஆகாது என்று மாமியார் முடிவுக்கு வந்தார். குப்பத்து அம்மனுக்கு என் பெயரில் விரதம் சொல்லிவிட்டு வந்தார். ஆடி வரைக்கும் கவிச்சி கூடாது. மீன், கருவாடு, கறி, முட்டை எதுவும் வாயில் படக்கூடாது. செவ்வாயும் வெள்ளியும் ஒரு பொழுது, அதாவது பகலில் ஒரே வேளைச் சாப்பாடு. நான் சரி என்றேன். எதிர்த்துப் பேசவும் தெம்பு வேண்டும்.

மூன்று தலைமுறையாக மீனைத் தின்று, மீனை விற்று வாழ்ந்த குடும்பம். அந்த வீட்டில் எல்லாருக்கும் வஞ்சிரமும் சங்கராவும் வறுத்துக் கொடுத்துவிட்டு நான் ரசம் ஊற்றிக்கொண்டேன். ஒரு பொழுது நாட்களில் பசிக்குத் தேநீர். மாமியாரே பாசமாகப் போட்டுக் கொடுப்பார், நன்றாகக் கொதித்த, திக்கான தேநீர். ரத்தம் குறைந்துகொண்டிருந்த ஓர் உடம்பிலிருந்து இரும்புச் சத்துள்ள உணவை எல்லாம் பிடுங்கிவிட்டு, மிச்சம் இருப்பதும் உடம்பில் ஒட்டாமல் செய்கிற ஒன்றை நாள் முழுக்க ஊற்றினோம். முடி வளர்வதற்காக!

கொட்டுவது அதிகமானது. "அம்மன் பழசக் கழிக்கறா" என்றார் மாமியார்.

மாசி மகம் வந்தது. சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். எங்கள் குப்பத்து அம்மனும் வந்திருந்தாள். வெயில் ஏறிவிட்டது. நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மேளம் நெருக்கத்தில் வந்தபோது மணல் சாய்ந்தது. கண் முன்னால் பூச்சி பறந்தது. பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடிக்கப் போனேன், கிடைக்கவில்லை.

கண் விழித்தபோது நான் மணலில் கிடந்தேன். என் கொண்டை அவிழ்ந்திருந்தது. சுற்றிலும் குலவைச் சத்தம்.

"ஆத்தா வந்துட்டாடி! மஞ்சத் தண்ணி கொண்டாங்க!"

யாரோ வாளியோடு என் தலையில் ஊற்றினார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் மாமியார் எனக்கு முன்னால் மணலில் கை கூப்பி உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் நீர்.

"சொல்லு தாயி, இன்னா கொற வெச்சோம்? வாயத் தொறந்து சொல்லு."

"தண்ணி" என்றேன்.

"தண்ணி கேக்கறா! எந்தத் தண்ணி தாயி? மஞ்சத் தண்ணியா, வேப்பலத் தண்ணியா?"

"குடிக்கற தண்ணி."

கூட்டத்தில் ஒரு கிழவர், "பானகம் கேக்கறாடா, பானகம் கரைங்க!" என்றார். என் கணவர் பின்னால் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த பையன்களை விரட்டிக்கொண்டிருந்தார். அவரும் நம்பினாரா என்று பிறகு கேட்டேன். "அந்த நேரத்துல இன்னா தோணும்? எல்லாரும் கும்பிட்டாங்க" என்றார்.

மயங்கி விழுந்தவளை எழுப்பி உட்கார வைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதற்குக் கும்பிட்டு முடிக்க வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை முடி போகிறதே என்ற கவலைதான். அன்று, செத்தாலும் இவர்கள் குலவை போடுவார்கள் என்று தோன்றியது.

மறு வாரம் யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்கு அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுக் கதிர்காமம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோல் மருத்துவர் இளம்பெண். என் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். தலையைப் பார்த்தார். கொஞ்சம் முடியை விரல்களுக்கு நடுவில் வைத்து மெதுவாக இழுத்தார். இழுத்த அளவுக்கு வந்தது. பிறகு தலையை விட்டுவிட்டுக் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார்.

"படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"ஆமா."

"மாசா மாசம் எவ்ளோ நாள் போவுது?"

சொன்னேன்.

"இத ஏன் மொதல்ல சொல்லல? முடின்னு வந்து உக்காந்தீங்க?"

"யாரும் கேக்கல டாக்டர்."

"நீங்களே சொல்லலாம் இல்ல?"

அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொண்டே பேசினார். பரம்பரையாக வரும் வழுக்கை வேறு. ஆண்களுக்கு நெற்றியிலும் உச்சியிலும் ஏறும், பெண்களுக்கு வகிடு மெல்ல மெல்ல விரியும், அதற்குத் தலையில் தடவும் மருந்து உண்டு. புழுவெட்டு வேறு, வட்டமாக, காசு வைத்த மாதிரி போகும். கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டுவது ஒரு வகை. அது தானாக நிற்கும். தைராய்டு கெட்டாலும் கொட்டும். சத்துக் குறைந்தாலும் கொட்டும்.

"ரத்தம் பத்தலன்னா ஒடம்பு கஞ்சத்தனம் பண்ணும்மா. இதயத்துக்குக் குடுக்கணும், மூளைக்குக் குடுக்கணும். முடி இல்லாம ஒரு ஆள் உயிரோட இருக்கலாம். அதனால அங்கதான் மொதல்ல வெட்டும்."

பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "இத வெச்சுக்கிட்டு நீங்க ஸ்கூலுக்கு வேற போனீங்களா?" என்றார். இரும்பு மாத்திரை கொடுத்தார். எலுமிச்சைச் சாற்றோடு போடச் சொன்னார். தேநீர், காபி, பால் அந்தப் பக்கமே வரக்கூடாது. மலம் கருப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். மீன், ஈரல், கீரை நன்றாகச் சாப்பிட வேண்டும். மகளிர் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. ஆபத்தான கட்டி இல்லை, ஆனால் ரத்தம் போவது அதனால்தான். ரத்தம் ஏறியதும் அறுவை செய்துவிடலாம் என்றார்கள்.

இரவு சாப்பாட்டுக்கு முன் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப தண்ணி இல்லியா?" என்றார் கணவர். அந்த வடிகட்டியை நினைத்து அவர் முகத்தில் ஏமாற்றம்.

மாமியார் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொம்பளன்னா போவத்தான் செய்யும். எனக்குப் போவல? அந்த ஒடம்போட நான் கூடையத் தூக்கிக்கினு நடக்கல? இந்த மாத்திர சூடு. இன்னும் கொட்டும், பாரு."

"மீன் சாப்பிடச் சொன்னாங்க அத்த."

"ஆடி வரட்டும். நடுவுல வுட்டா சாமி குத்தம்."

பங்குனி ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளி விட்டு வரும்போது கறிக்கடையில் சுவரொட்டி வாங்கினேன். ஆட்டின் மண்ணீரல்; ரத்தம் ஊறும் என்று எங்கள் பக்கத்தில் பிரசவித்தவளுக்குக் கொடுப்பார்கள். மிளகு போட்டு வறுத்தேன். ஒளித்துச் சாப்பிட எனக்கு விருப்பம் இல்லை. கூடத்தில், மாமியார் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு எதிரில் தட்டோடு உட்கார்ந்தேன்.

அவர் வாசனையில் திரும்பினார். தட்டைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து பூஜை அலமாரியின் கதவை மூடினார், அம்மன் பார்க்க வேண்டாம் என்பதுபோல. அன்று அவர் சாப்பிடவில்லை. சித்திரை முடியும் வரைக்கும் என்னோடு பேசவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை என் கணவரிடம், நான் பக்கத்தில் இருக்கும்போதே, "அவளாண்ட சொல்லு" என்று சொல்லிவிடுவார்.

சித்திரைக் கடைசியில், கோடை விடுமுறையில், கண்ணாடியில் பார்த்தேன். நெற்றி ஓரத்தில் கட்டை விரல் நகத்து நீளத்துக்குக் குட்டி முடிகள். எண்ணெய் வைத்தும் படியாமல் சிலிர்த்துக்கொண்டு நின்றன. தடவிப் பார்த்தேன். அன்று முழுக்கக் கை அங்கேயே போய்க்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று ஓர் அச்சம்.

வைகாசியில் குப்பத்தில் அம்மனுக்குத் தேர். போய்விட்டு வந்த மாமியார் நெற்றி நிறையக் குங்குமத்தோடு என் முன்னால் உட்கார்ந்தார். பல வாரத்துக்குப் பிறகு நேராக என்னைப் பார்த்துப் பேசினார்.

"நீ விரதத்த ஒடச்ச. அந்தக் குத்தம் ஒன்ன புடிக்கக் கூடாதுன்னு மஞ்சத் துணியில காசு முடிஞ்சி போட்டுட்டு வந்துருக்கறேன். முடி பழையபடி வந்துட்டா ஒனக்கு மொட்ட போடறேன்னு."

"எனக்கா?"

"ஒனக்குத்தான். வேற யாருக்கு?"

"என்னக் கேக்கலியே அத்த."

"சாமிகிட்ட கேக்கறதுக்கு ஒன்னாண்ட வேற கேக்கணுமா?"

நான் எழுந்து முன்னால் குனிந்து நெற்றி முடியை விரலால் விலக்கிக் காட்டினேன். "இது சித்திரையிலயே வந்துடுச்சு. நீங்க வேண்டிக்கிட்டது இன்னிக்கு. மாத்திர ஆரம்பிச்சது மாசியில. தேதிய நீங்களே பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் அவரிடம் பார்த்ததில்லை.

"பாத்தியா! மனசுல நெனச்சது போன மாசமே நெனச்சிட்டேன். வாயால சொன்னதுதான் இன்னிக்கு. நெனச்ச ஒடனே குடுத்துட்டா பாரு!"

எந்தத் தெருவுக்கு எப்போது பெயர் மாறியது, எந்தத் தேவாலயத்துக்கு எந்த ஆண்டு கோபுரம் உயர்ந்தது என்று பெரியவர்களோடெல்லாம் வாதாடியிருக்கிறேன். மனதில் நினைத்த தேதிக்கு எதிராக எந்த ஆதாரத்தைக் காட்டுவது?

ஒரு வருடம் போனது. முடி வந்தது. பழைய நீளத்தை நானே தோள் வரைக்கும் வெட்டிக்கொண்டேன். கீழே புதிதாக வந்தவை எட்டிப் பிடித்துச் சேர்ந்துகொண்டன. வகிடு மூடியது. ரத்தம் போவது நிற்கவில்லை. மாத்திரை ஒரு பக்கம் ஏற்றியது, கட்டி ஒரு பக்கம் இறக்கியது. அறுவை பற்றி எடுத்தால் கணவர், "லீவு பாக்கணும்", "பொண்ணு பரீட்ச முடியட்டும்", "இப்பதான் நல்லா இருக்கியே" என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார். தலை நன்றாக இருந்தது. ஆகவே நான் நன்றாக இருந்தேன்.

ஆனி பிறந்ததும் மாமியார் ஆரம்பித்தார். ஆடியில் மொட்டை போட்டுவிட வேண்டும்.

சென்னையில் கல்லூரியில் படிக்கும் மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"ஆயா, முடி வந்ததுக்கு முடியவே குடுக்கணும்னா, அது திரும்ப வர்றதுக்கு இன்னா வேண்டிக்குவீங்க? தலையவா?"

"நீ வாய மூடு. நாளைக்கு ஒனக்கும் ஒரு மாமியா வருவா."

"வரட்டும். நான் இப்பவே கிராப்பு வெட்டிக்கறேன்."

பூ முடி கொடுக்கிறேன் என்றேன். பெண்கள் நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் காணிக்கை போடுவது வழக்கம்தானே.

"மொட்டன்னு சொன்னா மொட்ட. சாமிகிட்ட பேரம் பேசறதுக்கு இது மீனு வியாபாரம் இல்ல."

கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முடிதான, மறுபடி வளரும்" என்றார்.

"அப்ப எதுக்கு வடிகட்டி மாட்டினீங்க? முடிதானன்னு அன்னிக்கு ஏன் சொல்லல?"

"அது வேற. இது அம்மாவோட நிம்மதி."

"என் தலையில எதுக்கு அவங்க நிம்மதி?"

இது கூடத்தில் கேட்டுவிட்டது. மாமியார் வாசற்படியில் வந்து நின்றார்.

"ஒன் தலதான். அது யாரு வூட்ல இருக்குது?"

"நான் மொட்ட போட்டுக்க மாட்டேன் அத்த."

அவ்வளவுதான் சொன்னேன். குரல் உயரவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரிடம் மாட்டேன் என்ற சொல்லை அதுவரை நான் சொன்னதில்லை. அவருக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும். திரும்பி உள்ளே போனார்.

ஆடி மூன்றாம் வெள்ளி. காலையில் அம்மாவும் பிள்ளையும் குப்பத்துக் கோயிலில் கூழ் ஊற்றப் போவதாகச் சொன்னார்கள். நான் பள்ளிக்குப் போனேன். மாலை திரும்பியபோது கூடத்தில் நாற்காலியில் ஒரு பெரியவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலை, சந்தனம் பூசியிருந்தது. உறவுக்காரர் யாரோ என்று நினைத்து, "வாங்க" என்றேன். திரும்பினார். என் மாமியார்.

கணவர் சுவரோரம் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. "அம்மா ஒக்காந்துட்டாங்க. நான் இன்னா பண்ண முடியும்?" என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

"நேந்துக்கிட்டது நானு. கடன நான் தீத்துட்டேன்" என்றார் மாமியார். "ஒனக்கு ஒண்ணும் ஆவாது. போயி காபி போடு."

காபியை நீட்டும்போது அவர் உச்சந்தலை என் கண்ணுக்கு நேரே இருந்தது. சந்தனம் அங்கே மட்டும் காய்ந்து வெடித்திருந்தது. அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழவழப்பாக, வேர்க்கால் ஒன்றும் இல்லாமல், தழும்பு மாதிரி மின்னியது. சவரக்கத்தி செய்ததில்லை அது. சும்மாடு வைத்து, அதன் மேல் மீன் கூடை வைத்து நடந்து நடந்து தேய்ந்த இடம். பாரம் அழுத்தியும் இழுத்தும் வேரே செத்துப்போனால் அங்கே எந்த மருந்தும் முளைக்க வைக்காது. இத்தனை வருடமும் சுற்றியிருந்த முடியை வாரி மேலே கொண்டையாகப் போட்டு அதை மூடி வைத்திருந்தார். ஒரே வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. அவர் பிள்ளையும் பார்த்திருக்க மாட்டார். அதற்கு யாரும் வெங்காயம் அரைக்கவில்லை.

இதைப் பார்த்து என் மனம் இளகியது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. இளகவில்லை. கோபம்தான் வந்தது. தன் தலையில் யாரும் பார்க்காததை என் தலையில் தேடித் தேடிப் பார்த்தவர், கடைசியில் அதையும் திறந்து வைத்து என்னை ஊருக்கு முன்னால் நிறுத்திவிட்டாரே என்ற கோபம்.

பார்க்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். குப்பத்திலிருந்து, மார்க்கெட்டிலிருந்து, தெருவிலிருந்து. எல்லாருக்கும் ஒரே கதை. மருமவளுக்கு முடி போயிடுச்சு, அம்மனாண்ட வேண்டினேன், வந்துடுச்சு, அவளுக்கு மனசு வரல, நான் குடுத்துட்டேன். ஒரு சொல்லும் பொய் இல்லை. வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என்னைப் பார்த்தபோது என் முடியைப் பார்த்தார்கள்.

எதிர்வீட்டம்மா வந்தார். "எந்த மாமியாக்கா இதச் செய்வா? குடுத்து வெச்சவ இவ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "நல்லா அடர்த்தியாதான் வந்துருக்குது. நான் குடுத்த ஷாம்பூதான?" என்றார்.

"இல்லம்மா. எனக்கு ரத்தம் கம்மியா இருந்துச்சு. இரும்பு மாத்திர."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இரும்பத் துன்னா முடி வளருமா டீச்சர்? அக்கா, ஒங்க மருமவ தமாஷப் பாருங்க."

"வுடும்மா. அவளுக்கு நம்பிக்க கம்மி" என்றார் மாமியார், என்னைக் காப்பாற்றுகிறவர்போல.

அந்த வாரம் மகளிர் பிரிவில் எனக்கு அறுவைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். புரட்டாசி. கணவரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் யோசிச்சுப் பாரு. அம்மா மொட்டத் தலையோட ஒக்காந்துருக்கறப்ப நீ போயி ஆஸ்பத்திரில படுத்தா ஊரு இன்னா பேசும்? சாமி குத்தம், அதான் வயித்துல வந்துடுச்சும்பாங்க. அம்மாவால தாங்க முடியாது. அவங்களுக்கு முடி கொஞ்சம் வளரட்டும். அப்பறம் பாக்கலாம்."

எவ்வளவு வளரட்டும் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் அளவு இல்லை.

குறித்த நாளை நான் மாற்றவில்லை. பள்ளியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் கூட இருக்க மகள் வருகிறாள். சென்னையிலிருந்து பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாக நேற்றுச் சொன்னாள்.